பெயர் போடாத காணொளிகள்: கொங்கு நாட்டு யூடியூப் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். காங்கயத்தில் சிறிய அச்சகம் ஒன்று வைத்திருக்கிறேன். திருமணப் பத்திரிகை, பூச்சாட்டு என்கிற அம்மன் கோயில் விழா நோட்டீஸ், காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி, தேர்தல் வந்தால் துண்டறிக்கை என்று ஓடுகிறது பிழைப்பு. பிளக்ஸ் வந்து பாதி வேலையைக் கொண்டுபோனது. கைப்பேசி வந்து மீதியில் பாதியைக் கொண்டுபோனது. அந்த எரிச்சலில் எழுதுகிறான் என்று நினைத்துவிட வேண்டாம். இரவு கடையைச் சாத்திவிட்டு, சாப்பிட்டு, திண்ணையில் சாய்ந்தால் பதினொரு மணி வரைக்கும் உங்கள் காணொளிகள்தான் எனக்குத் துணை. சென்னிமலைப் பக்கத்து ஜமாப் மேளம், மேட்டுப்பாளையத்துத் துடும்பு மேளம், அந்தியூர் குருநாதசாமி தேர், ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் கம்பம், பெருஞ்சலங்கை கட்டி ஆடும் பொடியன்கள் என்று எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடுகிறேன். என் அப்புச்சி இதில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வண்டி கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

நன்றி சொல்லியாயிற்று. இனிமேல் வருவது குறை.

போன மாதம் ஒரு காணொளி பார்த்தேன். ஒரு பெரியவர் உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுகிறார். படுகளத்தில் பொன்னரும் சங்கரும் விழுந்து கிடக்க, தங்கை அருக்காணி தேடி வருகிற இடம். பதினோரு நிமிடம். உடுக்கையின் கயிற்றை அவர் இறுக்குகிறார், தளர்த்துகிறார். அந்த இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் ஏற்ப உடுக்கை அழுகிறது. 'அண்ணா' என்று அவர் இழுக்கும்போது குரல் உடைகிறது. உடைந்த இடத்தில் உடுக்கை வந்து தாங்கிக்கொள்கிறது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இவர் யார், எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள விவரக்குறிப்பைத் திறந்தேன்.

அதில் அலைவரிசையின் பெயர் இருந்தது. ஒளிப்பதிவு செய்தவர், படத்தொகுப்பு செய்தவர், டிரோன் இயக்கியவர் ஆகியோரின் பெயர்கள் இருந்தன. விளம்பரம் கொடுத்த கடலை எண்ணெய்ச் செக்கின் முகவரியும் கைப்பேசி எண்ணும் இருந்தன. இன்ஸ்டாகிராமில் பின்தொடரச் சொல்லி ஒரு வரி இருந்தது. பாடியவர் பெயர் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை தேடினேன். இல்லை.

அடுத்தடுத்து உங்களில் பலருடைய காணொளிகளை இந்தக் கண்ணோடு பார்த்தேன். பத்தில் எட்டு இப்படித்தான். சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறீர்கள். பறை அடிக்கிற காட்சியை எடுத்து, பறையின் ஒலியை அணைத்துவிட்டு, மேலே ஒரு திரைப்பாட்டை ஒட்டிவிடுகிறீர்கள். கை ஒரு தாளத்தில் விழுகிறது, காதில் வேறொரு தாளம் கேட்கிறது. இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். "கோயில் விழா பொது நிகழ்ச்சி, பாட்டும் காலங்காலமாக வருவது, யாருக்கும் சொந்தமில்லை." பாட்டு ஊருடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொண்டை அவருடையது. விடிய விடியப் பாடி மறுநாள் கட்டிக்கொள்வதும் அவருடைய தொண்டைதான்.

இந்த விஷயத்தில் உங்களை அதட்டும் தகுதி எனக்கு முழுதாக இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈய எழுத்து கோத்து, டிரெடில் என்கிற மிதி அச்சு இயந்திரத்தில் ஓட்டிக்கொண்டிருந்த காலம். பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் கோயில் பூச்சாட்டு நோட்டீஸ். மஞ்சள் தாள், ஐந்நூறு பிரதி. கம்பம் நடுதல், மாவிளக்கு, பொங்கல், மஞ்சள் நீராட்டு என்று நிகழ்ச்சிகள் மேலே. கீழே உபயதாரர் பட்டியல். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே ஒரு வரி: உடுக்கைப் பாட்டு, இன்னார் குழு, இன்ன ஊர். புரூப் பார்க்க வந்த விழாக் குழுப் பெரியவர், கடைசி நேரத்தில் இன்னொரு உபயதாரர் பெயரைக் கொடுத்தார். நூற்றியொரு ரூபாய் கொடுத்தவர். இடம் இல்லை என்றேன். "கீழே அந்த மேளக்காரர் வரியை எடுத்துவிடு. அவர் எப்படியும் வரத்தானே போகிறார்" என்றார். நானும் எழுத்து கோத்து இறுக்கிய பாரத்தைத் தளர்த்தி, அந்த வரியைக் கழற்றி வைத்துவிட்டு, உபயதாரரை ஏற்றினேன். இரண்டு நிமிட வேலை.

நான்கு நாள் கழித்து அந்த உடுக்கைக்காரர் பஸ் ஏறி வந்தார். வெற்றிலைப் பையிலிருந்து நோட்டீசை எடுத்து என் மேசை மேல் பிரித்து வைத்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கட்டைவிரலை மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கும் கீழே, வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "இந்த இடத்தில் என் பெயரைச் சேர்த்து ஐம்பது தாள் அடித்துக் கொடுக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.

ஐம்பது எதற்கு என்று கேட்டேன். அடுத்த மாதம் வெள்ளகோவில் பக்கம் இரண்டு ஊரில் பூச்சாட்டு இருக்கிறது, அங்கே போய்க் காட்ட வேண்டும் என்றார். போன வருடம் எந்த ஊரில் பாடினாய் என்று கேட்பார்கள், நோட்டீசைக் காட்டினால்தான் முன்பணம் தருவார்கள் என்றார். அதுவரைக்கும் நான் பெயர் போடுவதை மரியாதை என்று மட்டும் நினைத்திருந்தேன். அவருக்கு அது அடுத்த ஊரில் அடுப்பு எரிகிற விஷயம்.

அடித்துக் கொடுத்தேன். பதினைந்து ரூபாய் என்று சொன்னேன். அவர் எண்ணிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பிழையும் நான் செய்து, திருத்தத்துக்குக் கூலியும் நான் வாங்கினேன். அவர் போன பிறகுதான் உறைத்தது. ஓடிப் போய்த் திருப்பிக் கொடுத்திருக்கலாம், பஸ் நிலையம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. போகவில்லை. அதற்குப் பிறகு என் அச்சகத்தில் ஒரு பழக்கம் வைத்தேன். வாடிக்கையாளர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கலைக்குழுவின் பெயரும் ஊரும் கேட்டு வாங்கி, சின்ன எழுத்திலாவது போட்டுவிடுவேன். அப்படிக் கேட்டபோதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்த்தால், உபயதாரருக்கு 'உயர்திரு', புலவருக்கு 'பெரும்புலவர்', பட்டிமன்ற நடுவருக்கு ஒன்றரை வரியில் பட்டம், நாதசுரக் குழுவுக்குப் பெயர். பறைக்கு மட்டும் 'மேளம்: உள்ளூர்' என்று இரண்டு சொல். அந்த உள்ளூர்க்காரர்களுக்குப் பெயர் இல்லையா? ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதற்கு அவர்கள் குடியிருந்த தெருவைச் சொன்னால் போதும், நம் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நான் அடித்த நோட்டீஸ்கள்தான் அவையும்.

இப்போது உங்கள் காணொளிகளில் எந்தப் பெயர் விடுபடுகிறது என்று பாருங்கள். மேடையில் பேசுகிறவர் பெயர் விடுபடுவதில்லை. கோயில் தர்மகர்த்தா பெயர் விடுபடுவதில்லை. கருவி புதியது, கைவரிசை பழையது.

அரசியலுக்கு வருகிறேன். அச்சகக்காரனுக்கு அரசியல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 127 ஏ. தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் யாரோ எழுதிக் கொடுத்த வாக்குறுதிக்குக் கீழே என் பெயர் இருக்கும். அதில் ஒரு சொல்கூட நான் எழுதியதில்லை. மை தடவியதற்கே சட்டம் என் பெயரைக் கேட்கிறது.

ஈரோடு கிழக்குத் தொகுதியில் இரண்டே ஆண்டுக்குள் இரண்டு இடைத்தேர்தல் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 பிப்ரவரி 27 ஒன்று, 2025 பிப்ரவரி 5 இன்னொன்று. முதல் தேர்தலின்போது துண்டறிக்கைக் கட்டுகளை ஒப்படைக்க ஈரோடு போயிருந்தேன். பன்னீர்செல்வம் பூங்காப் பக்கம் ஒரு பறைக்குழு நின்றது. ஆறு பேர், அதில் ஒரு பெண், பத்தொன்பது இருபது வயதிருக்கும். தலைவர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லி இரண்டு மணிக்கே நிற்க வைத்திருந்தார்கள். ஐந்தாகியும் வரவில்லை. பறையின் தோல் தளர்ந்துபோயிருந்தது. அந்தப் பெண் குனிந்து, தெருவில் கிடந்த துண்டறிக்கைகளைக் கூட்டிக் குவித்துத் தீ வைத்தார். பறையை அதன்மேல் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். நடுநடுவே விரல் நுனியால் தட்டி, காதருகே கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டார். எரிந்த தாள்களில் பாதி நான் அடித்தவை. என் பெயர் கருகிச் சுருள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, வருத்தமாக இல்லை. அந்தத் துண்டறிக்கையால் அன்று நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில் அங்கே இணைய ஊடகக்காரர்கள் மூன்று நான்கு பேர் ஒலிவாங்கியோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்தவரிடம் யார் வெல்வார் என்று கேட்டார்கள். பழக்கடை அம்மாளிடம் கேட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள், நான் வெளியூர் என்று சொல்லித் தப்பித்தேன். மூன்று மணி நேரம் அதே இடத்தில் நின்ற ஆறு பேரிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. இரவு காணொளி வந்தது. தலைவர் வேன் வருகிற காட்சியில் பத்து நொடி பறை. பிறகு பேச்சு. கட்சிக்காரர்களுக்குப் பறை என்பது கூட்டம் சேர்க்கிற சத்தம். அது அவர்கள் கணக்கு. உங்களுக்கும் அதே கணக்குத்தானா என்பதுதான் என் கேள்வி.

பெயர் விடுபட்டால் எப்படி வலிக்கும் என்பதைத் தலைவர்களிடமே கேட்டிருக்கலாம். கோவையில் சினிமா எடுத்த காலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். சிங்காநல்லூரில் குடியிருந்துகொண்டு ஜூபிடர் நிறுவனத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். 1948-இல் வெளிவந்த 'அபிமன்யு' படத்துக்கு அவர் வசனம் எழுதினார். படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடியபோது அவர் பெயர் இல்லை. மனம் நொந்து ஊருக்குப் போய்விட்டார். பிற்காலத்தில் ஐந்து முறை முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதிதான் அவர். எந்தக் கட்சிக்காரரும் இந்தக் கதையை மேடையில் உருக்கமாகச் சொல்வார். சொல்லி முடித்து இறங்கும்போது மேடைக்குக் கீழே பறை அடித்தவர் பெயர் என்ன என்று கேட்க மாட்டார். பொன்னர் சங்கர் கதையைப் புதினமாக எழுதியவரும் அதே கருணாநிதிதான். அந்தக் கதையை அதுவரைக்கும் தலைமுறை தலைமுறையாக உடுக்கையில் சுமந்து வந்தவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

ஒருவரின் பெயர் தெரியும். அதுவும் வெளிநாட்டுக்காரர் ஒருவரால். 1965-இல் காங்கயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்துகொண்டிருந்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். நாடாவைச் சுருளில் சுற்றி ஓட்டுகிற கருவி. பாடியவர் ராமசாமி. அந்தப் பதிவு 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியாகத் தமிழும் ஆங்கிலமுமாகப் புத்தகமானது. பிற்காலத்தில் பெக்கே அதை அசைபடத் தொடராகவும் செய்தார். அறுபது ஆண்டாகியும் யார் பாடியது என்று கேட்டால் பதில் இருக்கிறது. ஓலப்பாளையம் எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். நம் மொழி தெரிந்துகொள்வதற்கே பாடுபட வேண்டியிருந்த ஒருவர், கையில் கனமான கருவியோடு வந்து செய்த வேலை இது. உங்கள் சட்டைப்பையில் இருக்கிற கருவிக்கு அதில் நூறில் ஒரு பங்கு எடைகூட இருக்காது.

கும்மியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடல் கொங்கு மடலாக இருக்காது. 2024 ஜனவரியில் அறிவித்த பத்மஸ்ரீ விருதுப் பட்டியலில், வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் பெயர் இருந்தது. அப்போது அவருக்கு 87 வயது. வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் அந்த ஆட்டத்தைப் பயிற்றுவித்தவர். அடுத்த மாதமே பெருந்துறைக்கு அருகே கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் மாநாட்டில் 16 ஆயிரம் பெண்கள் ஒன்றாக வள்ளி கும்மி ஆடி, அது கின்னஸ் சாதனையானது. அன்றைக்கு நீங்கள் எடுத்த டிரோன் காட்சிகளைப் பார்த்தேன். அழகாக இருந்தது, மறுக்கவில்லை. ஒரே நிறச் சேலை, ஒரே அடவு, வயல் பூத்தது போல. பதினாறாயிரம் என்ற எண்ணை எல்லோரும் தலைப்பில் போட்டீர்கள். பாட்டுச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் ஊர் ஊராக இருக்கிறார்களே, மாலை ஏழு மணிக்குக் கோயில் திடலில் ஆறு மாதம் அடவு பழக்கியவர்கள், அவர்களில் ஒருவர் பெயராவது தலைப்புக்குக் கீழே வந்ததா?

கும்மியில் எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. வள்ளி குறவர் குடியில் வளர்ந்த பெண். முருகன் வேடனாகவும் விருத்தனாகவும் வேடம் போட்டு அவளைத் தேடிப் போகிறான். கும்மியின் மொத்தக் கதையும் அதுதான். இந்தக் கதையை ஆடி முடித்த பெண்களிடம், எங்கள் சாதிக்குள்ளேயே திருமணம் செய்வோம் என்று ஒரு மேடையில் உறுதிமொழி வாங்கிய காணொளி என் கைப்பேசிக்கும் வந்தது. முருகன் அந்த மேடைக்கு வந்திருந்தால் கைகட்டி நின்று என்ன உறுதிமொழி எடுத்திருப்பான் என்று யோசித்துச் சிரித்தேன். சிரிப்பு வெகுநேரம் நிற்கவில்லை. அந்தக் காணொளியையும் உங்களில் ஒருவர்தான் எடுத்திருக்கிறீர்கள். கைதட்டல் ஒலியைக் கூட்டியும் வைத்திருக்கிறீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். கொங்கு நாட்டுக்காரனிடம் பேசும்போது கடைசியில் கணக்குக்கு வந்துதானே ஆக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் உடுக்கைப் பாடகரின் மகள், கல்லூரியில் படிக்கிறாள். அப்பாவின் பாட்டைத் தன் கைப்பேசியில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றினாள். மறுநாளே அறிவிப்பு வந்தது: இந்த ஒலி வேறொருவருக்குச் சொந்தமானது, இதில் வரும் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும் என்று. விஷயம் இதுதான். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு விழாவில் அவள் அப்பா பாடியதை ஒரு அலைவரிசைக்காரர் எடுத்து ஏற்றி, அந்த ஒலியைத் தன் பெயரில் ஓர் இசை நிறுவனம் வழியாகப் பதிந்துவைத்திருக்கிறார். ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கிற இயந்திரத்துக்கு அப்பா யார், அலைவரிசை யார் என்று தெரியாது. முதலில் பதிந்தவரே உரிமையாளர். அப்பா தன் பாட்டையே திருடியதாகிவிட்டது. அவள் என்னிடம் வந்து, மாமா, இதற்கு எப்படி மறுப்பு எழுதுவது என்று கேட்டாள். ஆங்கிலப் படிவம். இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். ஆதாரம் என்ன என்று கேட்டிருந்த இடத்தில், என் அலமாரியிலிருந்து அந்த விழாவின் நோட்டீசை எடுத்துப் படம் பிடித்து இணைத்தோம். அதில் அவள் அப்பா பெயர் இருந்தது, ஊர் இருந்தது, தேதி இருந்தது. மூன்று வாரம் கழித்து உரிமை திரும்பியது.

நீங்கள் இதைச் செய்திருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். ஆனால் பெயர் போடாத ஒவ்வொரு காணொளியும் இப்படி ஒருவருக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

சட்டமும் சும்மா இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞர் யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனமாடுபவர், கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர் என்று போய்க்கொண்டே இருக்கும் அந்தப் பட்டியலில் பாம்பாட்டியும் உண்டு. பாம்பாட்டிக்கு உண்டென்றால் பம்பைக்காரருக்கு இல்லாமல் போகுமா? அவர் நிகழ்த்தியதைப் பதிவு செய்து வெளியிடும் உரிமை அவருடையது, அது ஐம்பது ஆண்டு நிற்கிறது. செய்திக்காகக் கொஞ்சம் எடுத்துக் காட்டுவதற்கு விலக்கு உண்டு. முழுப் பாட்டையும் ஏற்றி விளம்பரம் ஓட்டுவதைச் செய்தி என்று சொல்லிவிட முடியாது. 2012-இல் கொண்டுவந்த திருத்தத்தில் 38 பி என்று ஒரு பிரிவு சேர்ந்தது. இதை நிகழ்த்தியவர் இவர் என்று அடையாளம் காட்டச் சொல்லும் உரிமை கலைஞருக்கு உண்டு என்கிறது அது. பெயரைச் சொல்லவே வழியில்லாத பயன்பாடாக இருந்தால் மட்டும் விட்டுவிடலாம். விவரக்குறிப்பில் எண்ணெய்ச் செக்குக்கு வழி இருந்ததே.

இடமில்லை என்று சொல்பவர்களுக்கு மொடக்குறிச்சியை நினைவுபடுத்துகிறேன். 1996 சட்டமன்றத் தேர்தல். விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் காது கேளாத அரசுகளுக்குக் கேட்க வைப்பதற்காகக் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். அந்த ஒரு தொகுதியில் மட்டும் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். அச்சுத் தொழிலில் இருந்த எங்களுக்கெல்லாம் அன்று அதுதான் பேச்சு. ஒரு ஓட்டுக்கூட விழாத வேட்பாளர் பலர் இருந்தார்கள். அவர்கள் பெயரையும் விடாமல் போட்டார்கள். ஆயிரத்து முப்பத்து மூன்று பேருக்கு இடம் கண்ட ஊரில் ஆறு பறைக்காரர்களுக்கு இடமில்லை என்று சொன்னால் எப்படி?

வானொலியைக் கேட்டு வளர்ந்தவன் நான். கோவை வானொலி நிலையத்தில் ஒரு பாட்டுப் போடுவதற்கு முன் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று எல்லாம் சொல்வார்கள். நேயர் விருப்பம் என்றால் பாட்டைக் கேட்டவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். தாராபுரத்திலிருந்து, உடுமலையிலிருந்து, சத்தியமங்கலத்திலிருந்து என்று பெயர் வாசிப்பதே பாட்டைவிட நீளமாக இருக்கும். சின்ன வயதில் எரிச்சலாக இருக்கும், சீக்கிரம் பாட்டைப் போடேன் என்று. இன்றைக்கு அந்தப் பெயர் வாசிப்பு காதில் விழுந்தால் தேவலை என்றிருக்கிறது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். பாடினவர், அடித்தவர், ஆடினவர் பெயரும் ஊரும் விவரக்குறிப்பின் முதல் வரியில் வர வேண்டும், எண்ணெய்ச் செக்குக்கு மேலே. அவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் தொடர்பு எண்ணையும் போடுங்கள். பார்க்கிறவர்கள் குழுவை விசாரித்தால் உங்கள் எண்ணைக் கொடுத்து நடுவில் தரகு பார்க்காதீர்கள். (பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். பெயர் விட்டுப்போவது என்றால் என்ன என்று இந்த ஒரு முறை நீங்களும் அனுபவியுங்கள்.) ஏற்கெனவே ஏற்றிய காணொளிகளுக்கும் திருத்தம் போடலாம். அச்சில் என்றால் நாங்கள் மறுபடி தாள் வாங்கி மறுபடி ஓட்ட வேண்டும். உங்களுக்கு அது இரண்டு நிமிட வேலை. இரண்டு நிமிட வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று மேலே சொன்னேன்.

எடுத்து வெகுநாளாயிற்று, யார் பாடினார் என்று எங்களுக்கே தெரியாது என்பவர்கள் காங்கயம் வாருங்கள். நான் அடித்த ஒவ்வொரு நோட்டீசிலும் ஒரு பிரதி எடுத்து வைப்பது அப்பா காலத்துப் பழக்கம். மேல் அலமாரியில் ஆண்டு வாரியாகக் கட்டிக் கிடக்கிறது. ஊரையும் விழாவையும் சொன்னால் தேடி எடுத்துவிடலாம். 'மேளம்: உள்ளூர்' என்று போட்ட பழைய நோட்டீஸ்களுக்கும் அந்தந்த ஊரில் விசாரித்து, பென்சிலால் பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டு வருகிறேன். பாதிக்கு மேல் இன்னும் எழுதவில்லை. நீங்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள், நாலு கட்டை எடுத்துக்கொண்டு போனால் எனக்கும் உதவியாக இருக்கும்.

மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள். பங்குனிப் பூச்சாட்டு வேலை வந்துவிட்டது, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும். டீ என் செலவு.

இப்படிக்கு,
காங்கயத்து அச்சகக்காரன்